சர்வர் ஸ்னாப்ஷாட் சிக்கல்கள்: மலையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலான இடங்களில் ஒரே ஒரு சர்வர்தான் இருக்கும். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடை, அவர்களுக்குச் சேர வேண்டிய பணம், ஆட்களின் சம்பளக் கணக்கு, கேமராப் பதிவுகள் எல்லாம் அதில்தான். அங்கே ஒரு வரி தொலைந்தால் யாரோ ஒருவர் வீட்டில் அந்த மாதக் கணக்கு உதைக்கும். அதனால்தான் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கில் உள்ள தரவின் ஒரு நொடி நிலையை அப்படியே பிடித்துவைப்பது) பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றுக்கு இங்கே பொறுமையாகப் பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை வைத்துப் பேசுவேன். எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் அடுக்கு), பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமை), விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் பதில் உண்டு.

மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம். தனியாக பேக்கப் எதற்கு?

ஸ்னாப்ஷாட் நகல் அல்ல. எடுக்கும் நொடியில் எதுவுமே நகலெடுக்கப்படுவதில்லை. அதனால்தான் 4 டெராபைட் தரவுக்குக்கூட கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. நடப்பது இவ்வளவுதான்: "இந்த நொடியில் இருக்கும் பிளாக்குகளில், அதாவது தரவுத் துண்டுகளில், எதையும் இனித் தூக்கிப்போடாதே" என்று கோப்பு முறைமைக்கு ஒரு உத்தரவு போடப்படுகிறது. அதன் பிறகு ஒரு கோப்பை மாற்றினால், புதிய தரவு வேறு இடத்தில் எழுதப்படும். பழையது அப்படியே கிடக்கும். இரண்டும் அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் இரண்டும் போகும். சர்வர் அறைக்குள் ஓடைத் தண்ணீர் புகுந்தாலும் இரண்டும் போகும்.

கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால்தான் வருகிறது.

டிஸ்க் நிறைந்துவிட்டது. பழைய கோப்புகளை அழித்தும் காலி இடம் வரவில்லை. ஏன்?

எனக்கு அதிகம் வரும் தொலைபேசி அழைப்பு இதுதான். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

கொழுந்து கொட்டோ கொட்டென்று வரும் மே மாதம். மாலை ஆறு மணி. வாசலில் இலை மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எடை போடும் இடத்தில் கணினித் திரையில் "டிஸ்க்கில் இடமில்லை" என்ற செய்தி. எழுத்தர் பதறிப்போய் மூன்று மாதத்துக் கேமராப் பதிவுகளை அழித்திருக்கிறார். காலி இடம் பூஜ்யம். மறுபடி அழித்திருக்கிறார். பூஜ்யம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எடைகளைப் பழைய நோட்டில் கார்பன் தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு ஒவ்வொரு விவசாயியும் அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்கள்.

காரணம் எளியது. அழித்த கோப்பின் பெயர்தான் கோப்புறையிலிருந்து போனது. அதன் பிளாக்குகளை மூன்று மாதத்து ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்துவைத்திருந்தன. அடகில் இருக்கும் நகையை வீட்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் அடகு மீண்டுவிடாது. அதுபோலத்தான்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் தானாக ஸ்னாப்ஷாட் எடுக்கும் வேலையையும் கேமராப் பதிவையும் நிறுத்துங்கள். அடுத்து, இடத்தை ஸ்னாப்ஷாட்டுகள்தான் தின்கின்றனவா என்று பாருங்கள்: இசட்எஃப்எஸ்ஸில் "யூஸ்டு-பை-ஸ்னாப்ஷாட்ஸ்" என்ற பண்பு மொத்த அளவைக் காட்டும். பிறகு ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் டெஸ்ட்ராய் கட்டளையை "என்", "வி" என்ற இரண்டு தெரிவுகளோடு ஒத்திகையாக ஓட்டுங்கள். எதையும் அழிக்காமல், எவ்வளவு இடம் திரும்பும் என்று மட்டும் அது சொல்லும். தொடக்க ஸ்னாப்ஷாட்டுக்கும் முடிவு ஸ்னாப்ஷாட்டுக்கும் நடுவே சதவீதக் குறி போட்டு ஒரு வரிசை முழுவதையும் கேட்கலாம். அந்த எண்ணைப் பார்த்த பிறகே உண்மையில் அழியுங்கள்.

டிஸ்க் முழுதாக நிறைந்த நிலையில் கோப்பை அழிப்பதுகூட "இடமில்லை" என்று மறுக்கப்படலாம். அழித்தலையும் எங்கோ புதிதாக எழுதித்தானே ஆக வேண்டும்? இந்த நெருக்கடிக்காகவே இசட்எஃப்எஸ் மொத்த இடத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால் ஸ்னாப்ஷாட்டை அழிப்பது பெரும்பாலும் நடந்துவிடும். அதிலிருந்து தொடங்குங்கள்.

நிரந்தரத் தீர்வு வேறு. கேமராப் பதிவுக்குத் தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸில் தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய ஒரு பகுதி) வையுங்கள். அதில் ஸ்னாப்ஷாட்டே வேண்டாம். கேமராக் கருவி பழைய பதிவை அழித்து அதன் இடத்தில் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 40 ஜிகாபைட், 30 நாள் பதிவு என்றால் அது எப்போதும் 1.2 டெராபைட்டில் நிற்கும். அதன் மேல் 30 நாள் ஸ்னாப்ஷாட்டும் இருந்தால் அழிந்த பதிவுகள் இன்னொரு 1.2 டெராபைட்டைப் பிடித்துக்கொள்ளும். எடைக் கணக்கோ ஒரு பருவம் முழுவதற்கும் சில நூறு மெகாபைட்டுகள்தான். அந்தச் சின்னஞ்சிறு தரவைக் காக்கப் போட்ட ஏற்பாட்டை வீடியோ விழுங்க விடக் கூடாது.

எத்தனை ஸ்னாப்ஷாட் வைத்துக்கொள்ளலாம்?

எடைக் கணக்குக்கு நான் வைப்பது: மணிக்கு ஒன்றாக 48, நாளுக்கு ஒன்றாக 30, மாதத்துக்கு ஒன்றாக 12. தேயிலைச் செடியைப் போலவே இதற்கும் கவாத்து வேண்டும். கவாத்து செய்யும், அதாவது பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்கும் நிரல் ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். எடுக்கும் வேலை ஓடி, அழிக்கும் வேலை மட்டும் நின்றுபோன சர்வர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் 80 சதவீதம் நிறைந்ததும் எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் சில மெகாபைட்தான். மொத்தம் மட்டும் 900 ஜிகாபைட் என்கிறது. கணக்கு எங்கே பிசகுகிறது?

பிசகவில்லை. பட்டியலில் "யூஸ்டு" என்று வரும் எண், அந்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டுமே பிடித்துவைத்திருக்கும் பிளாக்குகளின் அளவு. ஒரு பிளாக்கை இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்திருந்தால் அது எதன் கணக்கிலும் வராது.

கூட்டுப் பட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பெயரில் உள்ள நிலத்தில் ஒருவர் விலகினால் நிலம் காலியாகாது. ஐந்து பேரும் விலக வேண்டும். நடுவில் உள்ள ஒரு ஸ்னாப்ஷாட்டை அழித்துவிட்டு "ஒன்றுமே வரவில்லையே" என்று வருந்துவதும் இதனால்தான். ஒன்றை அழித்ததும் பக்கத்து ஸ்னாப்ஷாட்டின் எண் திடீரென்று கூடினால் பயப்பட வேண்டாம். பட்டாவில் கடைசி ஆள் அவர்தான் என்று பொருள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஒரு பயனரின் டேட்டாசெட்டுக்கு "கோட்டா" (இட வரம்பு) போட்டால் அதில் ஸ்னாப்ஷாட் பிடித்திருக்கும் இடமும் சேரும். அவர் தம் கோப்புகளை எல்லாம் அழித்தும் "கோட்டா தாண்டிவிட்டது" என்று வருவது இதனால். நடப்புத் தரவை மட்டும் கட்டுப்படுத்த "ரெஃப்கோட்டா" என்ற பண்பைப் பயன்படுத்துங்கள்.

புதன்கிழமை ஒரு விவசாயியின் கணக்கு தவறுதலாக அழிந்தது. செவ்வாய் ஸ்னாப்ஷாட்டுக்கு ரோல்பேக் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். ரோல்பேக் என்றால் முழு டேட்டாசெட்டும் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மற்ற எல்லோரும் கொண்டுவந்த இலையின் எடை அழிந்துவிடும். இடையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் தடுத்து நிற்கும். "ஆர்" தெரிவைப் போட்டால் அவற்றையும் அழித்துவிட்டுத்தான் பின்னால் போகும். திரும்பி வர வழியே இல்லை. ஒருவருடைய கணக்கை மீட்கப் போய் நூறு பேரின் கணக்கை இழக்கலாமா?

ஒரே கோப்பு வேண்டுமென்றால், டேட்டாசெட்டின் உச்சியில் புள்ளியோடு தொடங்கும் "இசட்எஃப்எஸ்" என்ற மறைந்த கோப்புறை இருக்கிறது. அதற்குள் "ஸ்னாப்ஷாட்" என்ற கோப்புறையில் ஒவ்வொன்றும் தன் பெயரில் இருக்கும். கோப்புறைப் பட்டியலில் அது தெரியாது. பெயரைத் தட்டச்சு செய்து உள்ளே போக வேண்டும். அங்கிருந்து கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தளத்துக்குள் சில வரிகள் மட்டும் வேண்டுமென்றால், செவ்வாய் ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு குளோன் (அதிலிருந்து பிறக்கும், எழுதக்கூடிய பிரதி) உருவாக்கி, அதன் மேல் தரவுத்தளத்தின் இன்னொரு பிரதியை வேறு போர்ட்டில் இயக்குங்கள். தேவையான வரிகளை ஏற்றுமதி செய்து நடப்புத் தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டு, குளோனை அழித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. யாருடைய எடையும் அசையாது.

எல்விஎம் ஸ்னாப்ஷாட் "செல்லாது" என்கிறது. தரவும் போய்விட்டதா?

மூலத் தரவு பத்திரமாக இருக்கிறது, ஸ்னாப்ஷாட்தான் செத்துவிட்டது. எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட் வேறு விதமாக வேலை செய்கிறது. எடுக்கும்போதே அதற்கு ஓர் அளவு, உதாரணமாக 10 ஜிகாபைட், ஒதுக்குகிறோம். மூலத்தில் ஒரு பகுதி முதல்முறை மாறும்போது அதன் பழைய வடிவம் அந்த ஒதுக்கீட்டுக்குள் நகலெடுக்கப்படும். மாற்றங்கள் 10 ஜிகாபைட்டைத் தாண்டிய நொடியில் ஸ்னாப்ஷாட் முழுவதும் பயனற்றுப்போகும். மீட்க வழியில்லை, நீக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் ஒன்றை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் நீக்க மறந்துவிடுவதுதான் வழக்கமான காரணம். "எல்விஎஸ்" கட்டளையில் தரவுச் சதவீதம் என்ற எண்ணைப் பாருங்கள். தானாக நீளும் வசதியும் உண்டு. ஆனால் அதன் வரம்பு இயல்பாக 100 என்று இருக்கும். அப்படியென்றால் அந்த வசதி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை 70 ஆக மாற்றுங்கள். வால்யூம் குரூப்பில் (எல்விஎம் இடம் எடுத்துக்கொள்ளும் மொத்தத் தொகுப்பில்) காலி இடமும் இருக்க வேண்டும். இந்த வகை ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும்வரை எழுதும் வேகமும் குறையும். இரண்டு மூன்று இருந்தால் நன்றாகவே தெரியும். ஒரு சில மணி நேரத் தேவைக்கு மட்டும் எடுங்கள்.

எல்விஎம் மேல் இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் (லினக்ஸின் வேறொரு கோப்பு முறைமை) ஸ்னாப்ஷாட்டை மவுன்ட் செய்ய (திறந்து பார்க்க இணைக்க) மறுக்கிறதே?

மூலத்துக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரே அடையாள எண். அந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால் மறுக்கிறது. "நோ-யுயுஐடி" தெரிவோடு மவுன்ட் செய்யுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுக்குள் ஒரு கோப்புறை காலியாக இருக்கிறது. உள்ளே இருந்தவை எங்கே?

அந்தக் கோப்புறை தனி சப்வால்யூமாக (பிடிஆர்எஃப்எஸ் தனியாகக் கையாளும் ஒரு பகுதியாக) இருந்திருக்கும். பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் சப்வால்யூம்களுக்குள் இறங்காது. அங்கே வெறும் கோப்புறை மட்டும் நிற்கும். அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் இன்றைக்கே. மீட்கப் போகும் நாள் அல்ல. போய் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்னாப்ஷாட் எடுக்கலாமா?

ஸ்னாப்ஷாட்டில் கிடைப்பது, அந்த நொடியில் கரண்ட் போயிருந்தால் டிஸ்க்கில் என்ன இருந்திருக்குமோ அதுதான். கரண்ட் போய் வந்த பிறகு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் தரவுத்தளம் ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் எழுந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி வகை அட்டவணைகள் எழும். பழைய மைஐஎஸ்ஏஎம் வகைக்கு அந்த உறுதி கிடையாது. இங்கே பல எடை மென்பொருள்கள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. உங்களுடையது எந்த வகை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவு ஓரிடத்திலும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு வேறோர் இடத்திலும் இருந்தால் இரண்டும் ஒரே நொடியில் பிடிபட வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் இது மிக முக்கியம். இசட்எஃப்எஸ்ஸில் தாய் டேட்டாசெட்டின் மேல் "ஆர்" தெரிவோடு எடுத்தால் கீழே உள்ள எல்லாமே ஒரே கணத்தில் பிடிபடும். எல்விஎம்மில் இரண்டு வால்யூம்களுக்கு அந்த வசதி இல்லை. தரவுத்தளத்தைச் சில நொடிகள் நிறுத்திவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரத்தில் கரண்ட் போனால்?

இசட்எஃப்எஸ்ஸில் பாதி ஸ்னாப்ஷாட் என்று ஒன்று இல்லை. ஒன்று முழுதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கவலைப்பட வேண்டியது வேறு: காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்து இரவு முழுவதும் சர்வர் அணைந்திருந்தால் அந்த நேரத்து வேலைகள் விடுபட்டுப்போகும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அவற்றைப் பிறகு ஓட்டாது. அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமரில் "பெர்சிஸ்டென்ட்" என்பதை இயக்கிவைத்தால் சர்வர் எழுந்ததும் விடுபட்டதை ஓட்டும்.

ஸ்னாப்ஷாட் பெயரில் இருக்கும் தேதியும் நேரமும் தவறாக இருக்கின்றன.

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், பெயர் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. நம் அதிகாலை 2 மணிக்கு எடுத்தது முந்தைய நாள் 20.30 என்று இருக்கும். "திங்கட்கிழமையினுடையது எங்கே?" என்று தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பெயரில் பாருங்கள். விண்டோஸ் கணினியில் "முந்தைய பதிப்புகள்" பக்கம் காலியாக இருந்தாலும் இதே திசையில் தேடலாம். சாம்பா (சர்வர் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள்) அமைப்பில் எழுதியிருக்கும் பெயர் வடிவமும் ஸ்னாப்ஷாட்டின் உண்மையான பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் எதுவும் தெரியாது. பெயரில் நம் உள்ளூர் நேரம் இருந்தால் அதையும் அமைப்பில் சொல்ல வேண்டும். இயல்பாக அது கிரீன்விச் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆண்டே மாறியிருந்தால் ஆபத்து. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோய், நீண்ட மின்தடைக்குப் பிறகு சர்வர் பழைய தேதியில் எழுந்திருக்கும். அப்போது எடுத்த ஸ்னாப்ஷாட் பழைய தேதியைத் தாங்கும். கடிகாரம் சரியானதும் கவாத்து நிரல் "இது மிகப் பழையது" என்று அதைத்தான் முதலில் வெட்டும். இணையம் வந்து நேரம் ஒத்திசைந்த பிறகே ஸ்னாப்ஷாட் வேலை தொடங்கும்படி வையுங்கள். உண்மையான வரிசையைத் தெரிந்துகொள்ள இசட்எஃப்எஸ்ஸில் "கிரியேட்-டிஎக்ஸ்ஜி" என்ற பண்பைப் பாருங்கள். அது கடிகாரத்தைச் சார்ந்தது அல்ல. செல்லை மாற்றிவிடுங்கள். அதன் விலை ஒரு பொருட்டே அல்ல.

விண்டோஸ் சர்வரில் எல்லா ஷேடோ காப்பிகளும் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட்டுகள்) ஒரே நாளில் காணாமல் போயின.

நிகழ்வுப் பதிவில் வால்ஸ்னாப் பெயரில் 25 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். பழைய பிளாக்குகளை வைக்கும் இடம் போதுமான வேகத்தில் நீளவில்லை, அதனால் ஷேடோ காப்பிகளை விண்டோஸே நீக்கிவிட்டது என்று பொருள். பெரிய கோப்புகளை நகர்த்தும் நேரத்தில் இது நடக்கும். அந்த இடத்தின் வரம்பைக் கூட்டுங்கள். முடிந்தால் வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

25 இல்லையென்றால் உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பணயத் தொகை கேட்கும் வைரஸ்கள் கோப்புகளைப் பூட்டும் முன் ஷேடோ காப்பிகளை அழிப்பது வழக்கம்.

ஸ்னாப்ஷாட்டை அழிக்கப் போனால் "பயன்பாட்டில் உள்ளது" என்கிறது.

அதிலிருந்து குளோன் உருவாகியிருக்கும், அல்லது ஹோல்டு (அழிக்க விடாத பூட்டு) போட்டிருக்கும், அல்லது அந்த ஸ்னாப்ஷாட் வேறெங்கோ அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும். ஹோல்டு யார் போட்டது என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

ஒரு கோப்பு கெட்டுவிட்டது என்று ஸ்கரப் (தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) சொல்கிறது. பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்தாலும் அதே பிழை வருகிறது.

கோப்பு மாறாமல் இருந்தவரை எல்லா ஸ்னாப்ஷாட்டுகளும் சுட்டுவது ஒரே பிளாக்கை. அது கெட்டால் அத்தனையிலும் கெட்டதுதான். இரண்டு டிஸ்க் மிரர் என்றால் இன்னொரு டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியை வைத்து இசட்எஃப்எஸ் தானே சரிசெய்திருக்கும். ஒற்றை டிஸ்க் என்றால் வெளி நகல் ஒன்றே வழி. மீட்டு, கெட்டதை ஸ்னாப்ஷாட்டுகளோடு நீக்கிய பிறகும் பட்டியலில் பிழை நிற்கலாம். இரண்டு முறை ஸ்கரப் ஓட்டினால் போய்விடும்.

மலை உயரத்தால் டிஸ்க் கெடுமா?

வழக்கமான டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை இயங்கும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான். ஈரம்தான் இங்கே எதிரி. சர்வரை வெளிச்சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள். இலை வாட்டும் பகுதிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு நகல் வைக்கிறோம். மழையில் இணைப்பு அறுந்த பிறகு "மிகச் சமீபத்திய ஸ்னாப்ஷாட் பொருந்தவில்லை" என்று நிற்கிறது.

மலைக்குக் கீழே நகல் வைத்ததற்கு முதலில் என் வணக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. பாதையில் மண் சரிந்தால் சாலையோடு கேபிளும் போகும்.

மாற்றங்களை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத நாட்களில் உங்கள் கவாத்து நிரல் அந்தப் பொது ஸ்னாப்ஷாட்டை இங்கே வெட்டியிருக்கும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவான பழையது ஒன்று இருந்தால் அதிலிருந்து தொடரலாம்; மறுமுனை அதற்குப் பிந்தைய தன் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கிப் பின்வாங்க வேண்டியிருக்கும். எதுவுமே பொதுவாக இல்லையென்றால் முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டும். அதை இணையத்தில் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். வெளி டிஸ்க்கில் எழுதி, துணியில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோய் இறக்குங்கள். நான் செய்வது அப்படித்தான். அதன் பிறகு அன்றாட மாற்றங்கள் மட்டும் இணையத்தில் போகும்.

இனி இப்படி நிற்காமலிருக்க, கடைசியாக அனுப்பிய ஸ்னாப்ஷாட்டுக்கு ஹோல்டு போடுங்கள். அடுத்தது போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் விடுவியுங்கள். இடம் போதவில்லை என்றால் இங்கே புக்மார்க் (தரவைப் பிடித்துவைக்காத ஓர் அடையாளம்) வைத்தால் போதும், ஆனால் மறுமுனையில் அந்த ஸ்னாப்ஷாட் இருந்தாக வேண்டும். அனுப்பும்போது பாதியில் அறுந்தால், பெறும் பக்கம் "எஸ்" தெரிவோடு ஓடியிருந்தால் ஒரு தொடர்ச்சிக் குறியீடு கிடைக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

"மறுமுனையில் மாற்றம் நடந்திருக்கிறது" என்று செய்தி வந்தால், அங்கே யாராவது கோப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள். படித்த நேரம் பதிவானதே ஒரு மாற்றம்தான். அந்த டேட்டாசெட்டை "ரீட்-ஒன்லி" ஆக்கிவிடுங்கள். பார்க்க வேண்டியவர்கள் ஒரு குளோன் எடுத்துப் பார்க்கட்டும். மாதம் ஒருமுறை நீங்களே அப்படி ஒரு குளோனைத் திறந்து, ஏதேனும் ஒரு விவசாயியின் போன மாத எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தேதியும் கிலோவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.